அனுப்புகிறவர்களின் இலாபவெறியே! – திருகோணமலைப் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற உறவுகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். புகழ்மாலை எல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சூட்டிவிட்டார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தொழில் நிறுவனங்கள் தங்கள் நச்சுக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதற்குக் காரணம் அனுப்புகிறவர்களின் இலாபவெறியா, ஏற்றுக்கொள்கிறவர்களின் இடங்கொடுப்பா? இதுதான் கேள்வி. இலாபவெறியே என்று சொல்ல நாங்கள் வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் அண்ணன் சற்று முன் ஒரு மதில் கதை சொல்லிப் பெரிய கைதட்டல் வாங்கினார். அதற்குக் கட்டாயம் வருவேன் அண்ணன், உங்களை விடமாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு கப்பல் கதை. திருகோணமலையில் கப்பல் கதை சொல்லாமல் வேறு எந்த ஊரில் சொல்வது?

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். நகரத்துக் குப்பையை உலையில் போட்டு எரிப்பார்கள். குப்பை குறையும், சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலைப் பக்கத்து மாநிலமான நியூ ஜேர்சியில் கொட்டி வந்தார்கள். 1984இல் நியூ ஜேர்சிக்காரர்களுக்கு அந்தச் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம், டயொக்சின் என்ற நஞ்சுகள் இருப்பது தெரியவந்தது. இனிமேல் இங்கே கொட்டாதே என்று மறித்துவிட்டார்கள். மற்ற மாநிலங்களும் மறித்தன. ஒரே கொடி, ஒரே காசு, ஒரே ஜனாதிபதி, ஆனாலும் சொந்த நாட்டு மக்களே அதைத் தொட மறுத்தார்கள். நகரம் சாம்பலை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. அந்த நிறுவனம் கப்பல்காரரிடம் கொடுத்தது. 1986இல் சுமார் 14,000 தொன் சாம்பலை ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் புறப்பட்டது.

முதலில் பஹாமாஸ் போனது. அங்கே மறுத்தார்கள். டொமினிக்கன் குடியரசு மறுத்தது. ஹொண்டுராஸ் மறுத்தது. பனாமா மறுத்தது. பெர்மூடா மறுத்தது. ஆபிரிக்காவில் கினி பிசாவு மறுத்தது. ஐயா, இது சின்னக் கப்பல் இல்லை. எண்ணெய்க்கும் ஆளுக்கும் உணவுக்கும் ஒவ்வொரு நாளும் செலவு. அப்படியிருந்தும் மாதக்கணக்காக அலைந்தது. ஏன் அலைந்தது? திரும்பிப் போய் முறையாக அகற்றுவதைவிட அலைவது மலிவு. கப்பல்காரர் போட்ட கணக்கு அதுதான். எதிரணி நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை நாடுகள் இடங்கொடுக்கவில்லை. ஆனாலும் கப்பல் நிற்கவில்லை.

சரி, 1988 ஜனவரி. கப்பல் ஹெயிட்டியின் கொனாய்வ் கரைக்கு வருகிறது. இந்த முறை தாளில் சாம்பல் என்ற பேச்சே இல்லை. நிலத்துக்குப் போடும் உரம் என்று எழுதியிருக்கிறது. உரம்! ஏழை நாடு, தேய்ந்த மண், உரம் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? கரையில் இறக்கத் தொடங்கினார்கள். நாலாயிரம் தொன் இறங்கியபோது, அது உரமில்லை என்று சுற்றாடல் அமைப்பொன்று ஹெயிட்டி அரசுக்குச் சொன்னது. திரும்ப ஏற்று என்று அரசு கட்டளையிட்டது. கப்பல் என்ன செய்தது தெரியுமா? இரவோடு இரவாக நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. நாலாயிரம் தொன் கடற்கரையில் கிடக்கிறது.

மிச்சம் பத்தாயிரம் தொன் கப்பலில் இருக்கிறது அல்லவா? திரும்ப அமெரிக்கா போனது, இறக்க முடியவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டிச் செனகல் போனது. மொரோக்கோ போனது. யூகோஸ்லாவியாவில் திருத்த வேலை பார்த்தார்கள், அங்கே பெயரையும் மாற்றினார்கள். கியான் சீ இப்போது ஃபெலிசியா. கொஞ்சக் காலம் கழித்து ஃபெலிசியாவும் போய் பெலிகானோ. கப்பலுக்குப் பெயர் மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் துறைமுகத்தில் வேலை செய்த ஐயாமார் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். நல்ல சரக்கு ஏற்றிய கப்பல் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

பிறகு அது எங்கள் பக்கம் வந்தது. ஆம், இந்து சமுத்திரத்துக்கு. இறக்கப் பார்த்த நாடுகளின் பட்டியலில் இலங்கையின் பெயரும் இருக்கிறது. 1988 நவம்பரில் சிங்கப்பூர்ப் பக்கம் பார்த்தபோது கப்பல் வெறுமையாக இருந்தது. பத்தாயிரம் தொன் சாம்பலைக் காணவில்லை. எங்கே என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. வருடங்கள் கழித்துத்தான் உண்மை வந்தது. அட்லாண்டிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் கொட்டிவிட்டார்கள். எங்கள் சூடையும் பாரையும் அறுக்குளாவும் வருகிற அதே சமுத்திரம். கொட்டவில்லை என்று பொய்ச் சத்தியம் செய்ததற்காகக் கப்பலை இயக்கிய நிறுவனத்தின் அதிகாரிகள் இரண்டு பேர் 1993இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளிகளானார்கள். கவனியுங்கள், பொய் சொன்னதற்காகத்தான். கடலில் கொட்டியதற்குப் பெரிய தண்டனை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஐயா, இந்தக் கதையை இன்னொரு தடவை சொல்ல விடுங்கள். இதுவரை கப்பலில் இருந்துகொண்டு சொன்னேன். இப்போது கரையில் நின்றுகொண்டு சொல்கிறேன். டச்பே கடற்கரையில் ஒரு பின்னேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து வள்ளங்கள் திரும்பி வருகின்றன. தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. உரம் இறக்குகிறார்களாம் என்று பேச்சு வருகிறது. நாட்கூலிக்கு ஆள் வேண்டும் என்கிறார்கள். போகமாட்டீர்களா? கையுறை இல்லை, முகமூடி இல்லை, வெறுங்காலோடு சாம்பலில் நின்று மண்வெட்டி பிடிக்கமாட்டீர்களா? அன்றைய கூலிக்கு அரிசியும் மாவும் வாங்க வேண்டிய மனிதன் போவான். நானும் போயிருப்பேன். அடுத்த நாள் காலை கப்பல் இல்லை. சாம்பல் இருக்கிறது. காற்று அடிக்கிறது, ஊருக்குள் வருகிறது. மழை பெய்கிறது, கடலுக்குள் போகிறது. கொனாய்வில் அது ஒரு நாள், இரண்டு நாள் கிடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வரை கிடந்தது. அப்புறம் புளோரிடாவில் ஒரு பார்ஜில் இரண்டு வருடம் கிடந்தது. கடைசியில் 2002இல் எங்கே புதைத்தார்கள்? பென்சில்வேனியாவில். பிலடெல்பியா இருக்கிற அதே மாநிலத்தில்! பதினாறு வருடம் உலகத்தைச் சுற்றிவிட்டுச் சொந்த மண்ணுக்குப் போனது. முதல் நாளே அங்கே வைத்திருக்க முடியாதா? முடியும். செலவு ஆகும். அவ்வளவுதான்.

(கைதட்டலுக்கு நன்றி. அது ஹெயிட்டி மக்களுக்குப் போகட்டும்.)

இனிக் காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் லவ் கனால் என்ற இடத்தில், ஒரு இரசாயனக் கம்பனி புதைத்த கழிவுக்கு மேலே வீடுகளும் பள்ளிக்கூடமும் இருந்தன. நிலத்துக்கு அடியில் கிடந்தது வீட்டுக்குள் வரத் தொடங்கியது. 1978இல் அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். மக்கள் கொதித்தார்கள், சட்டங்கள் இறுகின, ஐரோப்பாவிலும் அப்படித்தான். நல்ல விஷயம், நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சட்டம் இறுகியதும் கழிவை அகற்றும் செலவு ஏறியது. 1980களின் கடைசியில் பணக்கார நாடுகளில் தொன்னுக்கு நூற்றுக்கணக்கான டொலர், மோசமான கழிவுக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆபிரிக்காவில் சில இடங்களுக்குக் கேட்ட விலை தொன்னுக்கு 2.50 டொலர். எங்கள் நாட்டுக் காசில் பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. அந்த இடைவெளி எவ்வளவு பெரியதோ, அவ்வளவு தூரம் கப்பல் ஓடும்.

2006ஆம் ஆண்டு. புரோபோ கோலா என்ற கப்பல். ட்ரபிகுரா என்ற எண்ணெய் வணிக நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்திருந்தது. மலிவான அழுக்கு எண்ணெயைக் கப்பலுக்குள்ளேயே காரச்சோடா போட்டுக் கழுவினார்கள். கழுவிய நீர் மிஞ்சியது. ஆம்ஸ்டர்டாமில் இறக்கத் தொடங்கியபோது நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறைப்பாடு செய்தார்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, முறையாகச் சுத்திகரிக்க ஐந்து இலட்சம் யூரோவுக்கு மேல் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று திரும்பக் கப்பலுக்குள் ஏற்றிக்கொண்டார்கள். அது போய்ச் சேர்ந்தது ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரம். அங்கே புதிதாக முளைத்த ஒரு கம்பனி 20,000 டொலருக்கும் குறைவாக முடித்துத் தருகிறேன் என்றது. பவுசர்களில் ஏற்றி இரவில் நகரத்தின் பல இடங்களில் திறந்துவிட்டார்கள். விடிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி, மூக்கில் இரத்தம் வந்து, வாந்தியோடும் தலையிடியோடும் வைத்தியசாலைக்கு ஓடினார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை தேடினார்கள். குறைந்தது 15 பேர் இறந்ததாக அந்நாட்டு அதிகாரிகள் சொன்னார்கள். ஐந்து இலட்சம் யூரோவை மிச்சம் பிடிக்கப் பார்த்ததன் விளைவு இது.

1991 டிசம்பரில் உலக வங்கிக்குள் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. தலைமைப் பொருளியலாளர் கையெழுத்திட்டது. நோய் வந்தால் மனிதன் இழக்கிற சம்பளம் எங்கே குறைவோ, அங்கே மாசைக் கொண்டுபோவதுதான் பொருளாதாரக் கணக்குக்குச் சரி என்று அதில் வருகிறது. அது வெளியே கசிந்தபோது உலகம் கொதித்தது. விவாதத்தைக் கிளப்ப எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும், அந்த விளக்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கப்பல்கள் விளையாட்டுக்கு ஓடவில்லை. அந்தக் கணக்கைத் தாளில் எழுதாமலே ஓடின.

சரி. இனி மதில்.

அண்ணன் சொன்னது சபைக்கு ஞாபகம் இருக்கும். "எங்கள் வீட்டு மீன்தலையையும் செதிலையும் பையில் கட்டி, இருட்டினதும் மதிலுக்கு மேலால் அடுத்த வளவுக்குள் எறிகிறவர்கள் நாங்கள். அடுத்த வளவு ஆளில்லாமல், கேற் இல்லாமல் கிடந்தால் எறியத்தான் செய்வார்கள். பிழை எறிகிற கையிலா, வளவைத் திறந்து போட்டவனிலா?" என்று கேட்டார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் எத்தனை பேர் நேற்றிரவு எறிந்தீர்கள் என்பது எனக்கும் தெரியும், மதிலுக்கும் தெரியும்.

அண்ணன், நீங்கள் எனக்கு எதிராகக் கொண்டுவந்த மதிலை நான் எனக்காக எடுத்துக்கொள்கிறேன். ஏன் இருட்டினதும் எறிகிறோம்? நீங்களே சொன்னீர்கள், இருட்டினதும் என்று. பிழை என்று கைக்குத் தெரியும். அபிஜானில் பவுசர் ஓடியதும் இரவில். கொனாய்விலிருந்து கப்பல் ஓடியதும் இரவில். வளவு திறந்து கிடந்ததுதான் காரணம் என்றால் பட்டப்பகலில் எறியலாமே?

அடுத்தது, மீன்தலை. மீன்தலையைக் காகம் தின்னும், பூனை தின்னும், மிச்சத்தை மண் தின்னும். பாதரசத்தை எந்தக் காகம் தின்னும்? ஈயத்தை எந்த மண் தின்னும்? மீன்தலை எறிந்த பக்கத்து வீட்டு அக்காவோடு காலையில் சண்டை பிடித்து, மத்தியானம் சமாதானமாகி, பின்னேரம் அவவிடமே கறிவேப்பிலை வாங்கலாம். டயொக்சினோடு சமாதானம் ஆக முடியாது.

இன்னொன்று, எறிகிற அக்கா கடிதம் எழுதிவிட்டா எறிகிறா? "அன்புள்ள அயலவரே, இத்துடன் உங்கள் தோட்டத்துக்கு உரம் அனுப்புகிறேன்" என்று எழுதுவாவா? எங்கள் ஊரில் அப்படி ஒரு பொய் கிடையாது. கியான் சீ எழுதியது. 2017, 2018இல் பிரித்தானியாவிலிருந்து இலங்கைக்கு 263 கொள்கலன்கள் வந்தபோது என்ன சொன்னார்கள்? பழைய மெத்தைகள், விரிப்புகள், இங்கே புதுப்பித்துத் திரும்ப ஏற்றுமதி செய்யப்போகிறோம் என்றார்கள். 2019இல் நாற்றம் வெளியே வந்த பிறகு திறந்து பார்த்தால், ஊறிப்போன மெத்தை, கிழிந்த காப்பெட், அதற்குள் வைத்தியசாலைக் கழிவும் கலந்திருக்கிறது என்று சுங்கத் திணைக்களம் சொன்னது. சூடான நாட்டில் மாதக்கணக்காக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவைத் திறந்து முதல் மூச்சை எடுத்தவன் பிரித்தானியன் இல்லை. மாதச் சம்பளத்துக்கு நிற்கிற எங்கள் தொழிலாளி.

எதிரணியில் உட்கார்ந்திருக்கிற தங்கை தலையை ஆட்டுகிறா. இறக்குமதி செய்தவன் இலங்கையன்தானே, விதியைத் தளர்த்தி வைத்தது எங்கள் அரசுதானே என்று கேட்கப் போகிறா. ஆம் தங்கச்சி, எங்களுக்குள்ளும் காசுக்கு விலைபோனவன் இருந்தான். நான் அவனுக்காக வாதாட வரவில்லை. ஆனால் விலை கொடுத்தவன் யார்? ஒரு சுற்றாடல் அமைப்பு வழக்குப் போட்டது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் திருப்பி அனுப்பச் சொன்னது. கடைசிக் கொள்கலன்கள் 2022 பெப்ரவரியில்தான் கொழும்பை விட்டுப் போயின. இடங்கொடுத்த நாடு வழக்குப் போட்டுத் திருப்பி அனுப்புமா? கொடைக்கானல் மலையில் மூடிய தெர்மோமீற்றர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு சுமார் 290 தொன்னை 2003இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தொழிற்சாலையே அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுதான். அங்கேயும் எழும்பி நின்று போராடியது மக்கள்.

இன்னும் ஒன்று சொல்லட்டா? 1988இல் நைஜீரியாவில் கோகோ என்ற சின்னத் துறைமுக ஊர். ஒரு சாதாரண மனிதரின் வளவை மாதம் 100 டொலருக்கு வாடகைக்கு எடுத்து, இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நச்சுப் பீப்பாய்களை அடுக்கி வைத்தார்கள். அண்ணன், உண்மையான வளவு! நீங்கள் கேட்ட அதே வளவு! உள்ளே என்ன என்று அந்த மனிதருக்குச் சொல்லவில்லை. தெரியவந்ததும் நைஜீரியா கொதித்தெழுந்து இத்தாலியே எடுத்துக்கொண்டு போ என்றது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு கரின் பி என்ற கப்பல் ஐரோப்பா திரும்பியது. பிரித்தானியா உள்ளே விடவில்லை. பிரான்ஸ் விடவில்லை. ஸ்பெயின் விடவில்லை. ஐரோப்பாவின் கழிவு ஐரோப்பாவின் வாசலில் நின்று கெஞ்சியது. தங்கள் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்களாம், மாதம் 100 டொலருக்கு ஆபிரிக்கனின் வீட்டுக்குள் வைக்கலாமாம். இதையா இடங்கொடுப்பு என்கிறீர்கள்?

நச்சுக் கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்த 1989இல் பேசல் சமவாயம் என்ற சர்வதேச உடன்படிக்கை வந்தது, 1992இல் நடைமுறைக்கு வந்தது, பணக்கார நாட்டுக் கழிவு ஏழை நாட்டுக்குப் போவதை முற்றாகத் தடுக்கும் திருத்தம் 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1995இல் எழுதிய திருத்தம். இருபத்து நாலு வருடம். அமெரிக்கா இன்றைக்கும் அந்தச் சமவாயத்தை உறுதிப்படுத்தவில்லை. இதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன், மதில் இன்னும் முடியவில்லை.

ஏனென்றால் அண்ணன் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அடுத்த வளவு ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது?

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வளவு இருக்கிறது. இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவரின் ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும். எங்கள் ஒழுங்கை வளவில் ஒரு கிணறு, கட்டு பாதி இடிந்துவிட்டது. ஒரு மாமரம் இன்னும் காய்க்கிறது. படிக்கட்டு மூன்று நிற்கிறது, வீடு இல்லை. அந்த வீட்டார் 1990இல் இரவில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனார்கள். மண்டபம் முகாமில் இருந்தார்கள். பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ. வளவை அவர்கள் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை அண்ணன். பூட்டுவதற்குக் கதவும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. அந்த வளவுக்குள் குப்பை எறிகிறவனைப் பார்த்து, பிழை உன்னில் இல்லை, ஓடிப்போனவனில்தான் என்று எங்களால் சொல்ல முடியுமா? இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்ல முடியுமா?

சபை அமைதியாகிவிட்டது. எனக்கும் தொண்டை அடைக்கிறது.

சோமாலியாவைப் பாருங்கள். 1991இல் அரசு சரிந்தது. காவல் காக்கக் கடற்படை இல்லை, கேள்வி கேட்க அமைச்சர் இல்லை. வெளிநாட்டுக் கழிவு அந்தக் கரையில் கொட்டப்பட்டது என்று பேச்சு இருந்தது. 2004 டிசம்பர் 26. எங்கள் திருக்கடலூரையும் நிலாவெளியையும் மூதூரையும் அடித்துக்கொண்டு போன அதே அலை, அதே நாளில் இந்து சமுத்திரத்தைக் கடந்து சோமாலியாக் கரைக்கும் போனது. அங்கே அலை கழிவுப் பீப்பாய்களைக் கரையில் போட்டது என்று செய்திகள் வந்தன, ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் அறிக்கையிலும் அது இருக்கிறது. எங்களுக்கு அலை பிணங்களைத் தந்தது. அவர்களுக்குப் பிணங்களோடு யாரோ ஒருவருடைய நஞ்சையும் சேர்த்துத் தந்தது.

அந்த மக்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்களா ஐயா? போரில் வீட்டை இழந்தவனுக்குக் கதவு ஏது?

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல். அது கழிவு இல்லை, சரக்குத்தான், தலைப்புக்கு வெளியே போகிறேன் என்று நடுவர் ஐயா மணி அடிக்க வேண்டாம், ஒரு நிமிடம் பொறுங்கள். நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. கட்டாரின் ஹமத் துறைமுகத்தில் இறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. இந்தியாவின் ஹசீராவில் பார்த்தார்கள், முடியவில்லை. கசிந்துகொண்டே கொழும்புக்கு வந்தது, மே 20ஆம் திகதி தீப்பிடித்தது, ஜூன் 2இல் அமிழத் தொடங்கியது. தொன்கணக்கில் பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை முழுக்க. நீர்கொழும்பு மீனவன் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு, பாதுகாப்பு உடுப்புப் போட்டவர்கள் மண்ணோடு சேர்த்து அந்த மணிகளை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த மீனவனின் மனைவி அந்த மாதம் எதைச் சமைத்தாள்? நட்டஈட்டுக் கணக்கில் அந்த மாதத்து அடுப்பு எங்கே வருகிறது?

எனக்குக் கடற்றொழிலாளியான ஒரு மாமா இருக்கிறார். படிக்கவில்லை. பேசல் தெரியாது, டயொக்சின் தெரியாது. கரைவலை இழுக்கும்போது வலையில் பிளாஸ்டிக்கும் போத்தலும் வந்தால் அவர் அதைத் திரும்பக் கடலில் போடமாட்டார். வாடிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு வைத்திருக்கிறார், அதற்குள் போடுவார். ஏன் மாமா, யாரோ போட்டதுதானே என்று கேட்டேன். "நான் போட்டால் அது நான் போட்டதாகிவிடுமடா" என்றார். நடுவர் ஐயா, அந்த மனிதருக்கு இருக்கிற அறிவு இலட்சம் தொன் சரக்கு ஓட்டுகிற நிறுவனத்துக்கு இல்லையென்றா நினைக்கிறீர்கள்? இருக்கிறது. நிபுணர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களைவிட நூறு மடங்கு நன்றாக அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஏற்றுகிறார்கள். மாமாவிடம் இருக்கிற, அவர்களிடம் இல்லாத ஒன்று மனம்.

முதல் மணி அடித்துவிட்டது, கேட்கிறது. முடிக்கிறேன்.

நான் வாதத்தை விட்டுவிட்டு அழவைக்கப் பார்க்கிறேன் என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அபிஜானில் மூச்சுத் திணறியவர்களுக்காக ஒரு நிமிடம் கலங்குவதற்கு இந்தச் சபைக்கு உரிமை இருக்கிறது. முப்பது வருடம் ஷெல்லுக்கும் அலைக்கும் நடுவில் வாழ்ந்த ஊர் இது. யாரோ தூரத்தில் இருந்து எடுத்த முடிவுக்கு நாங்கள் உடம்பால் விலை கொடுத்தவர்கள். எங்களுக்கு விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும்?

எனக்குப் பின்னால் பேச வருகிற தங்கச்சியிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். 2006 ஜூலையில், ஆம்ஸ்டர்டாமில் ஐந்து இலட்சம் யூரோ என்றதும் புரோபோ கோலா அந்தக் கழிவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் அபிஜானில் தூங்கிக்கொண்டிருந்த தாய் எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தாள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள், தங்கச்சி. நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் நன்றி, வணக்கம்.